மாத்திரை கொடுத்துச் சிறுவனைக் களமிறக்கிய பயிற்சியாளர்: என்ன தண்டனை, எது செல்லும்?

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் எட்டு அணிகளை வைத்து, வீரர்களை ஏலம் எடுத்து, சம்பளம் கொடுத்து ஆண்டுதோறும் கபடித் தொடர் நடத்தும் குழுவின் செயலர் ஒருவர் எழுதியிருக்கிறார். நூற்பாலை, அரிசி ஆலை, விசைத்தறி நடத்துபவர்களே பெரும்பாலும் அணி உரிமையாளர்கள். இந்த ஆண்டு ஓர் அணியின் பயிற்சியாளர், எடை வரம்பைத் தாண்டியிருந்த 17 வயது ரைடருக்கு முந்தைய நாள் இரவு நீர் பிரியும் மாத்திரை கொடுத்து, விடியும்வரை தண்ணீர் குடிக்க விடாமல் வைத்திருந்து, காலையில் எடை போட நிறுத்தியிருக்கிறார். எடை சரியாக வந்துவிட்டது. ஆனால் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பையன் களத்திலேயே மயங்கி விழுந்தான். விசாரித்தபோது, "கோச் சொன்னதைத்தானுங்க செஞ்சேன்" என்றிருக்கிறான். சக வீரர்கள் இருவரும் அதையே சொல்லியிருக்கிறார்கள். பயிற்சியாளரோ, தான் யார் வாயிலும் திணிக்கவில்லை என்கிறார். குழுவில் ஒரு சாரார் அபராதத்தோடு விட்டுவிடலாம் என்கிறார்கள். மறு சாரார் அணியையே ஆயுளுக்கும் விலக்க வேண்டும் என்கிறார்கள். எது முறை என்பது செயலரின் கேள்வி.

இரண்டுமே முறையல்ல என்பது என் கருத்து. அபராதத்தைப் பயிற்சியாளர் தன் பையிலிருந்து கட்டப்போவதில்லை. வெற்றி வாங்கிக் கொடுத்தவருக்காக உரிமையாளரே கட்டிவிடுவார். கட்டினாலும் களத்தில் எதுவும் மாறாது. 2007இல் அமெரிக்கக் கால்பந்தில் எதிரணியின் சைகைகளை விதிக்குப் புறம்பாகப் படம் பிடித்த விவகாரத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்குக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். ஓர் ஆட்டத்துக்குக்கூட அவரை விலக்கவில்லை. அந்தப் பருவத்தில் அவருடைய அணி முதற்கட்ட ஆட்டங்கள் பதினாறையும் வென்றது. புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் அணிக்கு இருந்த முதல் சுற்றுத் தேர்வு உரிமையைப் பறித்ததுதான் அந்த ஆணையில் ஓரளவு வலித்த பகுதி.

அணி முழுவதையும் விலக்குவதும் தவறு. யார் ஆட வேண்டும், யார் வெளியே உட்கார வேண்டும் என்று முடிவு செய்பவர் பயிற்சியாளர். மாட்டேன் என்று சொல்லும் பையனுக்கு அடுத்த ஆட்டம் கிடையாது, அடுத்த ஆண்டு ஏலத்தில் அவனுக்கு விலையும் கிடையாது. அந்த அதிகாரத்தை வைத்துச் செய்யப்பட்ட குற்றத்துக்கு, அந்த அதிகாரத்துக்கு அடங்கியவர்களையும் சேர்த்துத் தண்டித்தால், அடுத்த முறை எந்தப் பையனும் உண்மை பேச மாட்டான்.

இதற்கு நான் பலமுறை எடுத்துக்காட்டுவது 2009ஆம் ஆண்டு ரக்பி வழக்கு. ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் லைன்ஸ்டருக்கு எதிராக ஆடிய ஹார்லிக்வின்ஸ் அணியில் டாம் வில்லியம்ஸ் என்ற வீரர், கொடுக்கப்பட்ட போலி ரத்தக் குப்பியைக் கடித்து, வாயில் ரத்தம் வடிய வெளியேறினார். ரத்தக் காயம் என்றால் மாற்று வீரரை அனுமதிக்கும் விதியைப் பயன்படுத்தி, ஏற்கெனவே வெளியேறியிருந்த கோல் உதையாளரை உள்ளே கொண்டுவருவதற்கான நாடகம் அது. பிறகு அதை மறைக்க, உடை மாற்றும் அறையில் அவருடைய உதட்டை உண்மையாகவே கீறினார்கள். முதலில் வில்லியம்ஸுக்குப் பன்னிரண்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவர் நடந்ததை எல்லாம் சொன்னபின் அது நான்கு மாதமானது; அணியின் ரக்பி இயக்குநர் டீன் ரிச்சர்ட்ஸுக்கு மூன்று ஆண்டும், பிசியோதெரபிஸ்டுக்கு இரண்டு ஆண்டும் தடை கிடைத்தது. உண்மை பேசியவனுக்குக் குறைத்து, ஏவியவருக்குக் கூட்டிய அந்த அளவுதான் உங்கள் வழக்குக்கும் பொருந்தும். உங்கள் பையனுக்கு ஒரு நாள்கூடத் தடை வேண்டாம்.

மாத்திரை விஷயத்துக்குத் தனி அளவுகோலே இருக்கிறது. நீர் பிரியும் மருந்துகள் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையின் பட்டியலில் எல்லாக் காலத்திலும் தடை செய்யப்பட்டவை. தடை செய்யப்பட்ட மருந்தை வீரருக்குக் கொடுப்பவருக்கு அந்த முகமையின் விதித் தொகுப்பு குறைந்தது நான்கு ஆண்டும், அதிகபட்சம் ஆயுளுக்கும் தடை விதிக்கச் சொல்கிறது. சிறாருக்குக் கொடுத்திருந்தால் அதை மிகக் கடுமையான மீறலாகக் கருதவும் சொல்கிறது. கொடுப்பதே அங்கே குற்றம் என்பதால், திணித்தாரா, அவனாக விழுங்கினானா என்ற வாதம் எடுபடாது. இதை நிரூபிக்கச் சிறுநீர்ப் பரிசோதனைதான் வேண்டும் என்பதும் இல்லை. பையனின் வாக்குமூலம், சக வீரர்களின் சாட்சியம், மருத்துவமனைச் சீட்டு, காலியான மாத்திரை அட்டை, வாட்ஸ்அப் செய்தி எல்லாமே நம்பத்தக்க சான்றுகள்தாம். உங்கள் தொடர் அந்த விதித் தொகுப்பின் கீழ் வராவிட்டாலும், நான்கு ஆண்டு என்ற அளவை நீங்கள் எடுத்துக்கொள்வதை யாரும் மிகை என்று சொல்ல முடியாது.

ஆயுள் தடையை நான் பரிந்துரைக்கவில்லை. ஆட்ட முறைகேட்டுக் குற்றச்சாட்டில் சிக்கிய கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்தின் வழக்கில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் விதித்த ஆயுள் தடையை 2019இல் உச்ச நீதிமன்றம் நீக்கி, தண்டனையின் அளவை மறுபடி பரிசீலிக்கச் சொன்னது; பின்னர் அது ஏழு ஆண்டாயிற்று. அவ்வளவு பெரிய வாரியத்தின் ஆணையே நிற்காதபோது, காரணம் எழுதாத உங்கள் ஆணை ஈரோடு நீதிமன்றத்தில் ஒரு வாய்தாவுக்குக்கூடத் தாங்காது.

தடையின் காலத்தைவிட அதன் எல்லையில் அதிகக் கவனம் வையுங்கள். ஆணையில் "பயிற்சியாளராக இருக்கக் கூடாது" என்று மட்டும் எழுதினால், அவர் ஆலோசகர் என்ற பெயரில் வந்து உட்காருவார். இல்லையென்றால் பார்வையாளர் வரிசையிலிருந்து செல்போனில் ஆட்டத்தை நடத்துவார். ஆலை வளாகத்தில் மாலைப் பயிற்சியும் கொடுப்பார். எனவே வீரர் தேர்வு, பயிற்சி, ஏல மேசை, ஆட்ட நாளில் களத்துக்குள் நுழைவது, அணியினரோடு தொலைபேசித் தொடர்பு ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும்; தடையில் இருப்பவரை மறைமுகமாக வைத்துக்கொள்ளும் அணியின் ஆட்டப் புள்ளிகள் பறிக்கப்படும் என்றும் சேர்க்க வேண்டும்.

காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2017இல் கேமரா வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடிய ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணியின் மேலாளர் ஏ.ஜே. ஹின்ச்சுக்கு 2020 ஜனவரியில் ஓராண்டுத் தடை விதித்தார்கள். கொரோனாவால் அந்தப் பருவம் வெறும் 60 ஆட்டங்களில் முடிந்தது. 2021இல் அவர் டெட்ராய்ட் அணியின் மேலாளராகிவிட்டார். நம் பக்கம் மழை, தேர்தல், ஊர்ப் பிரச்சினை என்று தொடர் நின்றுபோகும் ஆண்டுகள் உண்டு. "நான்கு ஆண்டு, அல்லது உண்மையில் நடந்து முடிந்த நான்கு தொடர்கள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை" என்று எழுதுங்கள்.

உரிமையாளருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஹூஸ்டன் அணியிடம் ஐம்பது லட்சம் டாலரோடு இரண்டு ஆண்டுகளின் முதல், இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் பறித்தார்கள். உங்களுக்கு அதற்கு நேரானது ஏலம். அடுத்த ஏலத்தில் அந்த அணியின் செலவு வரம்பைக் குறையுங்கள். தன் ஆள் செய்வதைக் கவனிக்காத உரிமையாளருக்கு ரொக்க அபராதத்தைவிட அது உறைக்கும். மயங்கி விழுந்த ஆட்டத்தின் புள்ளிகளை மட்டும் எதிரணிக்குக் கொடுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ரோன் வைத்து வேவு பார்த்ததற்காகக் கனடா மகளிர் கால்பந்து அணிக்கு ஆறு புள்ளிகளைக் குறைத்தார்கள்; பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மனுக்கு ஓராண்டுத் தடை. முதற்கட்டத்தின் மூன்று ஆட்டங்களையும் வென்ற பெண்கள் மூன்றே புள்ளிகளோடு நின்றார்கள். ட்ரோனைப் பறக்கவிட்டவர்கள் அவர்கள் அல்லர். ஆறு புள்ளி அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

இத்தனையும் செல்ல வேண்டுமானால், பயிற்சியாளரும் உரிமையாளரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இதற்கு இடம் இருக்க வேண்டும். இந்த ஆண்டு ஒப்பந்தத்தில் ஒழுங்கு நடவடிக்கை பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், புதிய அபராதமோ ஏலக் குறைப்போ இப்போது விதிக்க முடியாது; அடுத்த தொடரில் அவருடைய பதிவை ஏற்க மறுப்பது மட்டுமே உங்கள் கையில் உள்ளது. எப்படியானாலும் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் தந்து, எந்த அணியோடும் தொடர்பில்லாத மூவரை, முடிந்தால் அவர்களில் ஒரு மருத்துவரையும் ஒரு வழக்கறிஞரையும் வைத்து, நேரில் விசாரித்துக் காரணங்களோடு ஆணை இடுங்கள். ஆணையின் நகலை மாவட்டக் கபடிக் கழகத்துக்கும், பவானி, பெருந்துறை, காங்கேயம் பக்கம் தொடர் நடத்துவோருக்கும் அனுப்பலாம். ஆனால் அவரை எங்கும் சேர்க்கக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டளையிட உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஒருவருடைய தொழிலைப் பொதுவாக முடக்கும் ஏற்பாட்டை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஏற்பதில்லை. நிரூபணமானதை மட்டும் எழுதி, முடிவை அவர்களிடம் விடுங்கள். பையனின் பெயர் அந்த நகலில் இருக்கக் கூடாது.

பையனுடைய பெற்றோரைச் சந்தித்து, மருத்துவச் செலவையும் அவனுக்குப் பேசிய சீசன் சம்பளம் முழுவதையும் அணி உரிமையாளரிடமிருந்து வாங்கிக் கொடுங்கள். அடுத்த ஏலத்தில் அவன் பெயரை வழக்கம்போலப் பட்டியலில் சேருங்கள். எடை பார்ப்பதை ஆட்ட நாள் காலையிலிருந்து முந்தைய நாள் மாலைக்கு மாற்றி, அங்கே ஒரு மருத்துவரை நிறுத்துவதைப் பற்றியும் குழுவில் பேசுங்கள். இரவில் தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து ஆட வரும் பையன் அப்படி மயங்கி விழ வேண்டியிருக்காது.