பெயர் போடாத படத்தைப் பார்த்தே "இது இன்னார் எடுத்தது" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நிறத்தை வைத்துச் சொல்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். ஒரே ப்ரீசெட்டை (ஒரே சொடுக்கில் நிறத்தை மாற்றும் தயார் அமைப்பு) பத்துப் பேர் வாங்கிப் போட்டால் பத்துப் பேர் படமும் ஒரே சாயலில் இருக்கும். எடுத்தவர் எங்கே நின்றார், எவ்வளவு கிட்டே போனார், எந்த நொடியில் அழுத்தினார் என்பவை உடம்பில் ஊறிய பழக்கங்கள். லேசில் மாறாது. அவற்றை முதலில் பாருங்கள், நிறத்தைக் கடைசியில்.

கேமரா இருந்த உயரத்தைப் படத்திலேயே படிக்கலாம். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. சமதரையில் எடுத்த படத்தில் அடிவானக் கோடு நிற்கும் ஆட்களை எந்த இடத்தில் வெட்டுகிறதோ, அதுதான் கேமராவின் உயரம். பக்கத்தில் நிற்பவருக்கும் 50 மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும். கோடு கண்மட்டத்தில் ஓடினால் நின்றபடி எடுத்தது. இடுப்பில் ஓடினால் உட்கார்ந்தோ, கேமராவின் திரையை மடக்கிக் கீழே பிடித்தோ எடுத்தது. அடிவானம் தெரியாத தெருப் படமா? கட்டட ஜன்னல்களின் மேல், கீழ் விளிம்புகளைத் தூரத்துக்கு நீட்டுங்கள். அவை சேரும் புள்ளி அடிவான மட்டத்தில்தான் இருக்கும். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் விவியன் மையரின் சதுரப் படங்கள் பலவற்றில் மனிதர்கள் நெடிதுயர்ந்து தெரிகிறார்கள். மேலிருந்து பார்க்கும் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே பிடித்து, குனிந்து பார்த்து எடுத்ததன் விளைவு அது.

அடுத்தது தொலைவு. இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். முன்னால் ஒருவர், அவருக்கு 2 மீட்டர் பின்னால் இன்னொருவர். 1 மீட்டரில் நின்று எடுத்தால் பின்னவர் தலை முன்னவர் தலையில் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். 5 மீட்டரில் நின்று எடுத்தால் ஏழில் ஐந்து பங்கு. இந்த விகிதத்தை லென்ஸும் மாற்றாது, கிராப் செய்வதும் (படத்தின் ஓரங்களை வெட்டுவதும்) மாற்றாது; நின்ற இடம் மட்டுமே மாற்றும். கூட்டத்துக்குள் புகுந்து எடுப்பவரையும் ஓரமாக நின்று ஜூம் போடுபவரையும் இதை வைத்தே பிரித்துவிடலாம்.

பிறகு பிரேமின், அதாவது படச் சட்டத்தின், விளிம்பு. இந்தியப் புகைப்படக்காரர் ரகுபீர் சிங்கின் அம்பாசடர் கார் படங்களில் கதவும் கண்ணாடியும் பிரேமைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு தனிக் காட்சியை வைக்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் அலெக்ஸ் வெப் கடும் வெயிலில் கருத்த நிழல்களுக்கு இடையே முன்னால், நடுவில், பின்னால் என்று ஆட்களை ஒருவரையொருவர் மறைக்காமல் அடுக்குவார். ஒருவர் விளிம்பில் கையையும் காலையும் வெட்ட விடுகிறாரா, சுற்றிலும் வெற்றிடம் விடுகிறாரா என்பது பத்துப் படத்தில் பிடிபட்டுவிடும். ஒரே படத்தில் பிடிபடாது.

எங்கே சறுக்கும்? சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் மாதிரி, எல்லோரும் அதே காலை வெளிச்சத்தில் அதே படகுகளுக்கு முன்னால் நிற்கும் இடத்தில் பழக்கங்கள் கரைந்துபோகும். இடமே நிற்கும் புள்ளியைத் தீர்மானித்துவிடுகிறது. பத்திரிகையில் வந்த படமென்றால் விளிம்பை நம்பாதீர்கள். பக்கத்துக்கு ஏற்ப யாரோ வெட்டியிருக்கலாம். கிராப் செய்வதை வெறுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்டியே-ப்ரெஸ்ஸோனே, 1932இல் பாரிஸின் சான் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வேலி இடுக்கு வழியாக எடுத்த படத்தில் பலகை மறைத்த பகுதியை வெட்டியிருக்கிறார். "அவர் வெட்டவே மாட்டார்" என்று விதி வைத்தால் அவருடைய மிகப் புகழ்பெற்ற படத்தையே அவருடையதல்ல என்போம்.

ஆளும் மாறுவார். அமெரிக்கப் புகைப்படக்காரர் டயான் ஆர்பஸ் என்றாலே சதுரப் படம், நேருக்கு நேர் பார்வை என்று நினைக்கிறோம். 1962 வாக்கில் 6x6 கேமராவுக்கு (சதுரப் படம் எடுப்பது) மாறும்வரை அவர் 35 மி.மீ. ஃபிலிமில்தான் எடுத்தார். செக் புகைப்படக்காரர் யோசெஃப் கூடெல்கா 1986இலிருந்து அகன்ற பனோரமாவுக்குப் போனார். ஆகவே யார் என்பதோடு எந்தக் காலம் என்றும் கேட்க வேண்டும்.

பழக ஒரு பயிற்சி. கூட எடுக்கும் ஐந்து பேரிடம் தலா 20 படம் வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்தவை வேண்டாம். எல்லாவற்றையும் கருப்பு வெள்ளையாக்கி, 300 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கலைத்துப்போட்டு, எது யார் எடுத்தது என்று பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் விடையைப் பார்க்கும் முன் காரணத்தை எழுதிவிடுங்கள். "ஏதோ தோன்றியது" என்பது காரணம் ஆகாது. நீங்கள் எழுதிய உயரமும் தொலைவும் சரியா என்று அந்தந்த ஆளிடமே கேளுங்கள். எந்த லென்ஸ், எந்த நேரம் என்பதை எக்ஸிஃப் தகவலில் (கேமரா படத்தோடு சேர்த்துப் பதியும் குறிப்பு) பார்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் அழிந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.