வெள்ளைச் சட்டையில் படிந்த துருக்கறையை பிளீச்சில் ஊறவைத்துப் போக்க முடியுமா?

முடியாது. இந்நேரம் ஊறவைத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று என் மனம் சொல்கிறது. அப்படியானால் முதலில் சட்டையை வாளியிலிருந்து எடுத்து நல்ல தண்ணீரில் நான்கைந்து முறை அலசுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

என் தம்பி ஒரு வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கிப்போனான். ஈரத்தோடு அதைத் துருப்பிடித்த ஆணியில் மாட்டியிருக்கிறான். தோள்பட்டையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. அது உட்புறம் போகும்படி மடித்துத் திருப்பிக் கொடுத்தான் என்பது தனிக் கதை. பிளீச் எதையும் வெளுத்துவிடும் என்று நம்பி இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் துணிதான் நைந்திருந்தது. புள்ளி முன்னைவிட அழுத்தமாக நின்றது.

காரணம் பிறகுதான் உறைத்தது. சாயக் கறை என்றால், நிறத்தைத் தரும் மூலக்கூறை பிளீச் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கும். துருவோ ஏற்கெனவே ஆக்சிஜனேறிய இரும்பு. அதை இன்னும் ஆக்சிஜனேற்றி என்ன பயன்? இழையில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். துருவுக்கு வேண்டியது அமிலம். அதுதான் இரும்பைக் கரைத்துத் தண்ணீரோடு வெளியேற்றும்.

இதைத் தெரிந்துகொண்ட வேகத்தில் அடுத்த முட்டாள்தனத்தையும் செய்தேன். பிளீச் வாடை போகாத சட்டையின் மேலேயே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். மூக்கும் தொண்டையும் எரிந்து, இருமிக்கொண்டே வெளியே ஓடினேன். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் திறந்திருந்தது என் நல்ல காலம். தொடக்கத்திலேயே அலசச் சொன்னது இதனால்தான்.

மறுநாள் நன்றாக அலசி, கறையின் மேல் உப்பு தூவி, எலுமிச்சைச் சாறு பிழிந்து வெயிலில் போட்டேன். காயக் காய மறுபடி பிழிந்தேன். மூன்று சுற்றுக்குப் பிறகு வெளிர் மஞ்சளாகத் தேய்ந்தது. முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பிளீச்சில் போடாமல் இருந்திருந்தால் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆக்சாலிக் அமிலம் இதைவிட வேகமாக வேலை செய்யுமே என்று யாராவது வருவார்கள். செய்யும். ஆனால் அது நச்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் நான் வாங்கி வைப்பதில்லை. வண்ணச் சட்டையில் எலுமிச்சையைப் போட்டுச் சாயம் போனால் என்னைத் திட்டாதீர்கள். முதலில் உள்தையலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பளிங்குத் தரையில் வைத்துப் பிழியவும் வேண்டாம், கல்லை அரித்துவிடும்.

அந்தச் சட்டையை இப்போது வீட்டில் மட்டும் போட்டுக்கொள்கிறேன். போன வாரம் வந்த தம்பி, “இதையெல்லாம் இன்னுமா அண்ணா போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டான். என் ஏணியும் குடையும் அவன் வீட்டில்தான் இருக்கின்றன. அதற்குப் பிறகு மூன்று முறை மழை பெய்துவிட்டது.