வாசகர் கேள்வி – பதில்: வேலைக்குக் கூலி தருபவர் யார்?

இணையவழி வருமானம் தொடர்பாக வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டுள்ளோம். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: கணவர் மேசன் வேலை செய்கிறார், எனக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்தபடியே செய்யலாம் என்று வட்ஸ்அப்பில் ஒரு வேலை வந்தது. யூடியூப் காணொளிகளுக்கு விருப்பக் குறி இட்டால் ஒன்றுக்கு 150 ரூபா என்றார்கள். முதல் நாளே 900 ரூபா என் வங்கிக் கணக்குக்கு வந்தது. பிறகு டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்தார்கள். 5,000 ரூபா கட்டியபோது 6,500 ரூபா திரும்பக் கிடைத்தது. அதை நம்பி 30,000, பின்னர் நகையை அடகு வைத்து 85,000 கட்டினேன். இப்போது அவர்களுடைய செயலியில் என் பெயரில் 412,000 ரூபா இருப்பதாகக் காட்டுகிறது. அதை எடுப்பதற்கு 20 வீத வரியாக 82,400 ரூபா கட்ட வேண்டும் என்கிறார்கள். குழுவில் உள்ள மற்றவர்கள் கட்டிப் பணம் எடுத்துவிட்டார்கள். கட்டலாமா? கணவருக்கு இது தெரியாது. (வாசகி, விசுவமடு)

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. அந்தச் செயலியில் தெரியும் 412,000 என்பது பணமன்று. மோசடிக்காரர் தாமே உருவாக்கிய ஒரு திரையில் தாமே தட்டச்சிட்ட இலக்கம். அதை அவர்கள் நாளைக்கே இருமடங்காகக் காட்டவும் முடியும், இல்லாமற் செய்யவும் முடியும். வரி என்று ஒன்று உண்மையாகவே அறவிடப்படுவதாயின், கொடுக்க வேண்டிய தொகையிலிருந்து கழித்துக்கொண்டு மிகுதியைத் தருவதே எங்கும் உள்ள நடைமுறை. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கில் வரியை வைப்பிடச் சொல்வதில்லை. நீங்கள் 82,400 ரூபாவையும் கட்டினால் அடுத்து "கணக்கு முடக்கப்பட்டுவிட்டது, விடுவிக்கக் கட்டணம்" என்று இன்னொரு தொகை கேட்கப்படும். உங்களிடம் இனி இல்லை என்று அவர்கள் உறுதிசெய்துகொள்ளும் வரையில் இது நிற்காது.

இந்த மோசடி எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதே அமைப்புத்தான் ஹோட்டல்களுக்கு நட்சத்திரக் குறி இடுவது, கூகுள் வரைபடத்தில் கருத்து எழுதுவது, இணையக் கடைகளில் பொருட்களுக்குப் போலியாகக் கட்டளையிடுவது என வெவ்வேறு வேடங்களில் வருகிறது. முதலில் கிடைத்த 900 ரூபாவும் பின்னர் கிடைத்த 6,500 ரூபாவும் உங்கள் உழைப்புக்கான கூலியல்ல, உங்கள் நம்பிக்கையை வாங்குவதற்கு அவர்கள் இட்ட முதல். அந்தப் பணம் யாருடைய பெயரிலிருந்து வந்தது என்று உங்கள் வங்கிக் கூற்றில் பாருங்கள். பெரும்பாலும் அது எந்தக் கம்பனியின் பெயராகவும் இராது. உங்களைப் போலவே ஏமாந்த ஒருவர் அல்லது தன் கணக்கை வாடகைக்குக் கொடுத்த ஒருவர் அங்கே இருப்பார். நீங்கள் கட்டிய 30,000 ரூபாவின் ஒரு துண்டு இந்நேரம் வேறொரு ஊரில் வேறொரு பெண்ணுக்கு "முதல் நாள் சம்பளமாக"ப் போயிருக்கவும் கூடும். குழுவில் பணம் எடுத்துவிட்டதாகப் படம் போடுபவர்களில் பலர் மோசடிக்காரரின் ஆட்களே. ஒரே ஆள் ஐந்தாறு இலக்கங்களில் ஐந்தாறு பெயர்களில் பேசுவதும் வழமை.

இத்தகைய வேலை ஒன்று வரும்போது நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலையின் பயனை விலைகொடுத்து வாங்குபவர் யார்? தையற்காரிக்குக் கூலி கொடுப்பவர் சட்டையை அணிபவர். கணக்கெழுதுபவருக்குச் சம்பளம் கொடுப்பவர் கடைக்காரர். ஒரு காணொளிக்கு விசுவமடுவிலிருந்து ஒருவர் இடும் விருப்பக் குறிக்கு 150 ரூபா கொடுக்க எவருக்கும் தேவை இல்லை. காணொளி உரிமையாளருக்கே ஒரு பார்வையாளரால் கிடைக்கும் விளம்பர வருமானம் அதில் ஒரு சிறு பங்குகூட இராது.

இனிச் செய்ய வேண்டியவை. எங்கள் வங்கிகளுக்கிடையிலான இணையவழிக் கொடுப்பனவுகள் சில விநாடிகளில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன, அங்கிருந்து மறு கணக்குகளுக்கும் பின்னர் கிரிப்டோ எனப்படும் இணைய நாணயமாகவும் மாற்றப்பட்டுவிடுகின்றன. ஆகவே இன்றே உங்கள் வங்கியின் வாடிக்கையாளர் சேவை இலக்கத்தை அழைத்து, ஒவ்வொரு கொடுப்பனவின் திகதி, நேரம், தொகை, பெறுநரின் கணக்கிலக்கம் ஆகியவற்றைக் கொடுத்து, பெற்ற வங்கிக்கும் அறிவிக்குமாறு கோருங்கள். பெறுநரின் கணக்கில் ஏதேனும் எஞ்சியிருந்தால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாட்கள் கடந்திருந்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் திரைப்பிடிப்புகளாக (ஸ்கிரீன்ஷொட்) பதிவுசெய்து வைத்துக்கொண்ட பின்னரே குழுவிலிருந்து விலகுங்கள். அவற்றுடன் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டின் பிரதியையோ இலக்கத்தையோ கேட்டு வாங்குங்கள். இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். வங்கி உங்கள் முறைப்பாட்டைக் கவனிக்கவில்லையெனில் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கம் இருக்கிறது.

இன்னொன்று: முகநூலில் "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் போகாதீர்கள். சட்டத்தரணி என்றும் கணினி நிபுணர் என்றும் சொல்லி அவர்களும் முற்பணமே கேட்பார்கள். முதலில் ஏமாற்றியவர்களே இரண்டாவது முறையும் இந்த வேடத்தில் வருவதுண்டு.

கணவருக்குச் சொல்லுங்கள். இதைக் குடும்ப ஒழுக்க உபதேசமாக நான் சொல்லவில்லை. அடகுச் சீட்டுக்குத் தவணைத் திகதி ஒன்று இருக்கிறது. அதைத் தனியே சமாளிக்கப் போகிறவர்கள் வாராந்தம் அறவிடும் நுண்கடன் ஒன்றில் கையொப்பமிடுவதை எங்கள் பகுதியில் நிறையக் கண்டாயிற்று. பணம் போன பிறகு வரும் கடன்தான் பல வீடுகளில் பணத்தைவிடப் பெரிய சேதத்தைச் செய்திருக்கிறது.

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறேன். அத்தான் ஒரு கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். ஒரு இலட்சம் ரூபா போட்டால் கிரிப்டோ வர்த்தகத்திலிருந்து நாளாந்தம் வருமானம் வருமாம். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் எனச் சேர்த்தால் மேலதிகப் பணமாம். கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்த சான்றிதழைக் காட்டினார்கள். கனடாவிலுள்ள சித்தப்பாவும் சேர்ந்திருக்கிறார். சட்டபூர்வமானதுதானே? (வாசகர், வவுனியா)

பதில்: 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் எவரும் ஒரு கம்பனியைப் பதிவுசெய்யலாம். அந்தச் சான்றிதழ் கம்பனி ஒன்று இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. பொதுமக்களிடமிருந்து வைப்புப் பணம் பெறுவதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் சொல்கிறது. ஆளைச் சேர்த்தால் ஆதாயம் என்ற அமைப்பில் இயங்கும் பிரமிட் திட்டங்களோ 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, திட்டத்தைத் தொடங்கியவர் மட்டுமல்ல, அதை ஊக்குவிப்பவரும் விளம்பரம் செய்பவரும் அப்பிரிவின் கீழ் குற்றவாளியாகக்கூடும் என்பது. நீங்கள் உங்கள் நண்பர் இருவரைச் சேர்க்கும் நாளில் ஏமாந்தவர் என்ற இடத்திலிருந்து ஏமாற்றியவர் என்ற இடத்துக்கு நகரத் தொடங்குகிறீர்கள். தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தியதாகத் தீர்மானிக்கப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது; அதைப் பாருங்கள். ஆனால் அதில் பெயர் இல்லாதிருப்பது நற்சான்றாகிவிடாது, நேற்றுத் தொடங்கிய கம்பனி இன்று பட்டியலுக்கு வந்துவிடுவதில்லை.

நீங்கள் கணிதப் பிரிவு மாணவராயின் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் இருவரையும், அவ்விருவர் நால்வரையும் சேர்த்துக்கொண்டு போனால் இருபதாவது படியில் மட்டும் 10 இலட்சத்து 48 ஆயிரத்து 576 பேர் புதிதாகச் சேர வேண்டும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் குழந்தை முதல் முதியவர் வரை இருந்தவர்களே ஏறக்குறைய அவ்வளவுதான். முந்தியவருக்குக் கொடுக்கப்படும் பணம் பிந்தியவரின் பணமே என்பதால், எங்கே ஆட்சேர்ப்பு நிற்கிறதோ அங்கே கொடுப்பனவும் நிற்கும்.

கனடாச் சித்தப்பா சேர்ந்திருப்பது அவர் உங்கள் அத்தானை நம்புகிறார் என்பதைத்தான் காட்டுகிறது. இந்தத் திட்டங்கள் அறிமுகமில்லாதவர்கள் மூலம் பரவுவது குறைவு. மறுத்தால் உறவு கசந்துவிடுமோ என்ற தயக்கத்தில்தான் பாதிப் பேர் பணம் கட்டுகிறார்கள். கிரிப்டோ முதலீடுகளின் ஆபத்தைப் பற்றி மத்திய வங்கி பலமுறை பொதுமக்களை எச்சரித்திருப்பதையும், கிரிப்டோ நாணயம் வாங்குவதற்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்த இங்கே அனுமதியில்லை என்பதையும் அத்தானுக்குச் சொல்லுங்கள். அவரும் வஞ்சகத்தோடு உங்களை அழைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு மேலேயுள்ளவர் கொடுக்கும் அழுத்தம் அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: என் வங்கிக் கணக்குக்கு வரும் பணத்தை வேறு கணக்குகளுக்கு மாற்றிக் கொடுத்தால் 5 வீதம் தருவதாக ஒருவர் கேட்கிறார். நான் எதுவும் கட்டத் தேவையில்லை. இதில் என்ன நட்டம்? (வாசகர், மாங்குளம்)

பதில்: மேலே விசுவமடு வாசகி கட்டிய பணம் போய்ச் சேர்வது இப்படிப்பட்ட கணக்குகளுக்குத்தான். பொலிஸார் தேடிவரும்போது ஆவணத்தில் இருக்கும் ஒரே உண்மையான பெயரும் அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் உங்களுடையவை; மற்றவர் ஒரு வட்ஸ்அப் இலக்கம் மட்டுமே. குற்றச்செயலால் வந்த பணத்தைக் கைமாற்றுவது 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். ஏற்கனவே அட்டையையோ இரகசிய இலக்கத்தையோ கொடுத்திருந்தால், வங்கிக்கு நேரில் போய்க் கணக்கை முடக்கச் செய்து, நீங்களாகவே பொலிஸில் விடயத்தைச் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரில் சிம் அட்டை எடுத்துக் கொடுக்கும்படி கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: எல்லாமே பொய்யென்றால் இணையத்தில் உழைக்கவே முடியாதா? எனக்குத் தமிழில் வேகமாகத் தட்டச்சிட வரும், ஓரளவு வடிவமைப்பும் தெரியும். 2,500 ரூபா பதிவுக் கட்டணம் கட்டினால் தரவுப் பதிவு வேலை தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. (வாசகி, துணுக்காய்)

பதில்: முடியும், ஆனால் அந்த 2,500 ரூபாவைக் கட்டி அல்ல. தரவுப் பதிவு என்ற பெயரில் வரும் இந்த வகையில் கட்டணத்தோடு முடிந்துவிட்டால் அது நல்லகாலம். "ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், வழக்குப் போடுவோம்" என்று பிறகு மிரட்டி இன்னும் பறிப்பவர்களும் இருக்கிறார்கள்.

வேலை தருபவரையும் செய்பவரையும் இணைக்கும் பைவர் போன்ற இணையத்தளங்களில் கணக்குத் திறக்கப் பணம் தேவையில்லை. நீங்கள் உழைத்ததில் 20 வீதத்தை அத்தளம் கழித்துக்கொள்ளும். அப்வேர்க் தளத்தில் வேலைக்கு விண்ணப்பிப்பதற்கான புள்ளிகளைச் சிறு தொகைக்கு வாங்க நேரலாம், ஆனால் அது தளத்துக்குள்ளேயே செலுத்தப்படுவது, எவரது சொந்தக் கணக்குக்கும் போவதல்ல. இத்தளங்களிலும் மோசடிக்காரர் உண்டு. "டெலிகிராமுக்கு வாருங்கள், அங்கே பேசுவோம்" என்று வெளியே இழுப்பவரையும், பிணைப்பணம் கேட்பவரையும், ஏதோ ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்பவரையும் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். முதல் வேலை கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். தொடங்கிய வாரத்திலேயே வருமானம் என்று எவராவது சொன்னால் அவருக்கு வேறு நோக்கம் இருக்கிறது.

திறமையை வளர்க்க வேண்டுமாயின், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் உங்களுக்குப் பொருந்தும் கற்கைநெறி உண்டா என விசாரியுங்கள். என் பார்வையில், எங்கள் பகுதிப் பெண்களுக்கு மிக இயல்பாகப் பொருந்துவது புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு சூம் மூலம் தமிழோ பண்ணிசையோ கற்பிப்பது. கூலி தருபவர் யார், எதற்காகத் தருகிறார் என்பது அதில் முதல் நாளே தெரிந்துவிடுகிறது. ஒடியல் மா, முருங்கை இலைத்தூள் என்று முகநூலில் விற்பவர்கள், வாங்குபவர் அனுப்பும் கொடுப்பனவுச் சீட்டின் படத்தை நம்பிப் பொதியை அனுப்பிவிடாமல், தங்கள் கணக்கில் பணம் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

கேள்வி: தாய்லாந்தில் கணினி வேலை, மாதம் 1,000 டொலர் என்கிறார்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாமாம். (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: போகாதீர்கள். இத்தகைய வாக்குறுதியில் தாய்லாந்துக்குப் போன இலங்கை இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலுள்ள முகாம்களில் அடைக்கப்பட்டு, இந்தப் பக்கத்தில் நாம் பேசிய அதே மோசடிகளைச் செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். 2024 இல் அவர்களிற் பலர் இராஜதந்திர முயற்சியால் மீட்கப்பட்டு நாடு திரும்பினர். வேலைக்கு சுற்றுலா விசாவில் அனுப்புவதாகச் சொல்லும் முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். அவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அது செல்லுபடியானதா, அந்த வேலைக்கு அனுமதி பெறப்பட்டுள்ளதா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் விசாரியுங்கள்.