சின்சில்லாவுக்குக் கூண்டு: பட்டறையில் சொல்லிச் செய்யலாமா?

கேள்வி: பெங்களூரில் இருந்த என் தம்பி வெளிநாடு போகும்போது, வளர்த்த சின்சில்லா என்ற அடர்ந்த முடியுள்ள கொறிக்கும் பிராணியை எங்களிடம் விட்டுப் போய்விட்டான். கூடவே வந்த கூண்டு சின்னது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் தட்டுகளைப் பாதி கடித்துத் தீர்த்துவிட்டது. புதுக் கூண்டு விலை கட்டுப்படியாகவில்லை. எங்கள் தெரு வெல்டிங் பட்டறையில் கோழி வலை அடித்துக் குறைந்த செலவில் செய்து தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா? மொட்டை மாடி ஷெட்டில் வைக்கலாமா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: பட்டறையில் செய்யலாம். கோழி வலை வேண்டாம். மொட்டை மாடி கூடவே கூடாது.

மாடியை முதலில் முடித்துவிடுகிறேன், உயிர் போகிற விஷயம் அதுதான். சின்சில்லா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குளிரில் பிழைக்கப் பிறந்தது. நமக்கு ஒரு மயிர்க்காலில் ஒன்றிரண்டு முடி இருக்கும், அதற்கு அறுபதுக்கும் மேல். வியர்வையும் கிடையாது. 20 டிகிரி வரை சுகமாக இருக்கும், 25-ஐத் தாண்டினால் ஆபத்து ஆரம்பம். அக்னி நட்சத்திரத்தில் நம் வேலூர் 40-ஐத் தாண்டுவது உங்களுக்கே தெரியும். மின்விசிறி நம் வியர்வையை உலர்த்துவதால்தான் நமக்குக் குளிர்கிறது. வியர்க்காத பிராணிக்கு அது சூடான காற்றைத்தான் வீசும். ஏர் கூலரும் ஈரச்சாக்கும் காற்றில் ஈரத்தை ஏற்றுவதால் அதற்கு இன்னும் கஷ்டம். ஆகவே ஏ.சி. உள்ள அறையில்தான் கூண்டு. கோடையில் பகலிலும் ஓடவேண்டும். அந்தக் கரண்டு பில் உங்களால் முடியுமா என்று கூண்டுக்கு அளவு கொடுக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். முடியாது என்றால், குளிர் அறை வைத்திருப்பவரிடம் ஒப்படைப்பதே அதற்குச் செய்யும் நல்லது. காது சிவந்து, வாயால் மூச்சு வாங்கித் துவண்டு கிடந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

இனி கூண்டு. 3 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம் சொல்லுங்கள். நன்றாகத் தாவும் பிராணி, உயரம் வேண்டும். ஸ்கொயர் டியூபில் சட்டம் போட்டு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கலாம், ஆனால் பல் படும் இடத்தில் பெயின்ட் கூடாது. 4 அடி அகல வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) சுருளில் சுற்றுக்கு 10 அடி, மேல்கூரைக்கு 2 அடி, ஆக 12 அடி. கதவுக்காக ஓர் அடி சேர்த்து 13 அடி வாங்கினால் போதும். வலைக்கண் அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலம். கம்பி 14 அல்லது 16 கேஜ். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும். 20, 22 என்று எடுத்துக் காட்டினால் அது மெல்லிய கம்பி என்று அர்த்தம். கோழி வலையும் இப்படித்தான், இந்தப் பல்லுக்கு நிற்காது.

வலை எந்த உலோகம் என்பதில்தான் பணத்தைப் போடவேண்டும். ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலையின் முடிச்சுகள்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சின்னச் சின்ன மணிகளாகத் தட்டுப்படுவதும், சில இடங்களில் வெள்ளைப் பொடியாக உதிர்வதும் துத்தநாகம்தான். சின்சில்லாவின் பற்கள் ஆயுசு முழுக்க வளரும், எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். துத்தநாகம் வயிற்றில் சேர்ந்தால் விஷம். அதனால் முடிந்தால் எவர்சில்வர் வலை, 304 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். பதினைந்து வருடம்கூட வாழக்கூடிய பிராணிக்கு இது வீண்செலவு இல்லை. முடியவே முடியாது என்றால் ஜி.ஐ. வலையை வினிகர் தொட்டு பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து அடியுங்கள். ஆபத்து குறையும், முழுக்கப் போகாது. வெட்டிய கம்பி முனைகளுக்கு அரம் போடச் சொல்லி, நீங்களே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.

தரைக்கு வலை வேண்டவே வேண்டாம். பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு முயலுக்கு, சுத்தம் செய்ய வசதி என்று நானே அடியிலும் வலை போடச் சொன்னேன். ஒருநாள் மடியில் தூக்கிப் பார்த்தபோது, இரண்டு குதிகாலிலும் முடி போய் எட்டணா அளவுக்குச் செக்கச்செவேல் என்று புண். அது ஆற எத்தனை நாள் ஆயிற்று என்பதை நான் மறக்கவில்லை. வெறும் தகட்டில் ட்ரே போட்டு அதன்மேல் ஃப்ளீஸ் துணி விரியுங்கள். மூலையில் ஒரு மார்பிள் துண்டு வைத்தால் அதன்மேல் வந்து படுத்துக்கொள்ளும்.

உள்தட்டுகளுக்குப் பழைய பேக்கிங் பெட்டி பைன் பலகை நல்லது, ஆனால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது, அதைத் தொடாதீர்கள். பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளில் பசை இருப்பதால் வேண்டாம். அரை அடிக்கு ஒன்றாக மாற்றி மாற்றி அடித்தால், தவறினாலும் பக்கத்துத் தட்டிலேயே விழும். மற்றபடி கீல், தாழ்ப்பாள் உங்கள் வசதி. தாழ்ப்பாள் மட்டும் வெளியே, இரண்டு.

கேள்வி: 16 கேஜ் எவர்சில்வர் வலை என்று பேசி அட்வான்ஸ் கொடுத்தேன். வந்த கூண்டில் வலை துருப்பிடிக்கிறது. கேட்டால், அப்படிப் பேசவே இல்லை என்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. என்ன செய்வது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: பணம் போன வழியிலிருந்து தொடங்குங்கள். போனில் அனுப்பியிருந்தால் அந்தத் தேதியும் தொகையும் சாட்சி. வாட்ஸ்அப்பில் அளவு அனுப்பியிருப்பீர்கள், குரல் பதிவு இருந்தாலும் அழிக்காதீர்கள். துருவை இன்றைக்கே, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். அப்புறம் பதினைந்து நாளில் வலையை மாற்றித் தரும்படி ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் போடுங்கள். பதில் இல்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை.

அதுவரை துருப்பிடித்த கூண்டில் பிராணியை விடாதீர்கள். அடுத்த முறை துண்டுச் சீட்டாக இருந்தாலும் சரி, வலையின் உலோகம், கேஜ், கண் அளவு, அட்வான்ஸ், தேதி ஐந்தையும் எழுதிப் பட்டறைக்காரர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பேசிய வலையில் ஒரு சாண் துண்டு வெட்டி வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.