‘ஜெயித்தால் வேறு தொழில் பார்க்க மாட்டேன்’ என்று வேட்பாளரிடம் எழுதி வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் தாமிரபரணிப் பாசனத்தில் விவசாயம் செய்கிற இருபது முப்பது பேர். பிசான சாகுபடி நேரத்தில் மடை ஷட்டர் வேலை செய்யவில்லை என்று மனுவோடு போனால், கட்சி எதுவானாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “எம்.எல்.ஏ. தொழில் விஷயமா வெளியூர் போயிருக்காங்க.” அதனால் அடுத்த தேர்தலில் நிற்கிற எல்லா வேட்பாளரிடமும், ‘ஜெயித்தால் வேறு வேலை, தொழில் எதுவும் பார்க்க மாட்டேன்’ என்று 100 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்க நினைக்கிறோம். செல்லுமா? மீறினால் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: பத்திரம் செல்லாது, அண்ணாச்சி. ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பும் எதையாவது கொடுக்க வேண்டும். அவர் கொடுப்பது வாக்குறுதி. நீங்கள் கொடுப்பது ஓட்டு என்றால், ஓட்டை விலையாக வைத்த ஒப்பந்தம் பொதுநலனுக்கு விரோதமானது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 23-ம் பிரிவிலேயே அது விழுந்துவிடும். ஜெயித்தவரைத் திரும்ப அழைக்கவும் நம் சட்டத்தில் வழி இல்லை. கிராம சபையில் தீர்மானம் போடலாம், பத்திரிகையில் செய்தி வரும், அவ்வளவுதான்.

எம்.எல்.ஏ. வேறு வேலை பார்ப்பதை இன்றைய சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை. அரசியல் சாசனத்தின் 191-வது பிரிவு தடுப்பது அரசின் கீழ் உள்ள ஆதாயம் தரும் பதவியைத்தான். தனியார் ஆஸ்பத்திரி நடத்தலாம், அரிசி ஆலை நடத்தலாம். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கும் போகலாம். முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்தக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறதே, அது எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கும் பொருந்த வேண்டும் என்று ஒரு வழக்கு போனது. அவர்கள் யாருக்கும் சம்பள ஊழியர் இல்லை, விதி பொருந்தாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டமன்றமே ஒரு சட்டம் போட்டுத் தடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். முடியாது. 191-வது பிரிவு நேரடியாகச் சொல்லும் காரணங்களுக்கு மேல் புதிதாக ஒரு தகுதியிழப்பைக் கொண்டுவரும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். எந்தப் பதவி ஆதாயப் பதவி ஆகாது என்று விலக்குக் கொடுக்கிற அதிகாரம் மட்டும்தான் சட்டமன்றத்துக்கு உண்டு.

அவைக்கு வராததைக் காட்டிப் பதவியைப் பறிக்க 190-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. அனுமதி இல்லாமல் 60 நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராவிட்டால் இடம் காலி என்று அவை அறிவிக்கலாம். ஆனால் கூட்டத்தொடர் முடிந்த நாட்களும், தொடர்ந்து 4 நாளுக்கு மேல் ஒத்திவைத்த நாட்களும் கணக்கில் வராது. அவை கூடுகிற நாட்களே குறைவாக இருக்கும்போது 60 நாள் சேர்வது லேசில் நடக்காது. தொகுதிக்கு வராததைக் கேட்க அந்த வழிகூட இல்லை.

நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 9ஏ பிரிவை. மாநில அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ, அரசு வேலையை எடுத்துச் செய்யவோ ஒருவர் போட்ட ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை அவர் எம்.எல்.ஏ. ஆக முடியாது, ஆனாலும் நீடிக்க முடியாது. கால்வாய்க் கரைக்குக் கான்கிரீட் போடும் வேலையை ஒருவர் எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். வேலை பாதியில் நின்றால் தகுதி இல்லை. வேலை முழுக்க முடிந்து, பில் பணம் மட்டும் வர வேண்டியிருந்தால் தடை இல்லை.

ஓட்டைகளும் இந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. 9ஏ சொல்லும் ‘உரிய அரசு’, எம்.எல்.ஏ.வைப் பொறுத்தவரை மாநில அரசு மட்டும். நாங்குநேரி வழியாகப் போகும் நான்குவழிச் சாலை மாதிரி மத்திய அரசின் வேலையை எடுத்தால் 9ஏ தொடாது. ஒப்பந்தம் அவர் போட்டதாக இருக்க வேண்டும். மச்சான் பேரில் இருந்தால் நிரூபிப்பது பெரும்பாடு. ராதாபுரம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: கல்குவாரி குத்தகை. அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்துக் கல் உடைப்பது, அரசின் வேலையை எடுத்துச் செய்வது ஆகாது என்று 2001-ல் ஹரியானா எம்.எல்.ஏ. ஒருவரின் சுரங்கக் குத்தகை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே, குவாரிக்கு அனுமதி தருகிற அதிகாரிகளை அவையில் கேள்வி கேட்க வேண்டியவரே குவாரி வைத்திருக்கலாம். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. மனு வாங்க ஆள் இல்லாததைவிட இது பெரிய கேடு.

‘வேறு வேலையே கூடாது’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை என்றால் எது வேலை? பத்துக் கடை வாடகையும் இரண்டு கல்யாண மண்டப வருமானமும் கணக்குப்பிள்ளை மூலம் வந்து சேருகிறவர் எந்த வேலையும் பார்க்கவில்லை. அவர் உங்கள் பத்திரத்தில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். சின்னதாக கிளினிக் வைத்திருக்கிற டாக்டரும், பாளையங்கோட்டைக் கோர்ட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிற வக்கீலும் யோசிப்பார்கள். ஐந்து வருஷம் தொழிலை விட்டால் வழக்குக் கொடுத்தவர்கள் வேறு வக்கீலிடம் போய்விடுவார்கள், தோற்ற பிறகு எங்கே திரும்புவது? 2017 ஜூலை முதல் எம்.எல்.ஏ.வின் மாதச் சம்பளமும் படிகளும் சேர்த்து 1,05,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். சம்பளம் குறைவு இல்லை, ஆனால் அது பதவி இருக்கும்வரைதான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2022 டிசம்பரில் உறுப்பினர் சம்பளத்தை வருஷத்துக்கு 1,42,000 டாலராக உயர்த்தி, வெளிவேலை வருமானத்துக்கு 35,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. அங்கேயும் முதலீட்டு வருமானம் அந்த வரம்புக்குள் வராது. சொத்துக்காரருக்கு எங்கேயும் கதவு திறந்தே இருக்கிறது.

அதனால் வேலையை விடச் சொல்லாதீர்கள். பணம் யாரிடமிருந்து வருகிறது என்று கேளுங்கள். வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ல் இது பாதி இருக்கிறது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் எடுக்கலாம், தேர்தல் நடத்தும் அலுவலர் அலுவலகப் பலகையிலும் ஒட்டுவார்கள். சொத்துப் பக்கத்தையும் வழக்குப் பக்கத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் வேட்பாளரின் தொழில், கணவன் அல்லது மனைவியின் தொழில், வருமானம் வரும் வழிகள், அரசோடும் அரசு நிறுவனங்களோடும் உள்ள ஒப்பந்தங்கள் எல்லாம் வரும். பங்குதாரராக உள்ள கூட்டு நிறுவனம், பங்கு வைத்திருக்கும் தனியார் கம்பெனி வரை ஒப்பந்த விவரம் சொல்ல வேண்டும். ‘தொழில்: விவசாயம், வியாபாரம்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால், என்ன வியாபாரம் என்பதே உங்கள் முதல் கேள்வி. பொய் என்று தெரிந்தால் எதிர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யலாம். தெரிந்தே பொய் சொல்வது அதே 1951-ம் வருடச் சட்டத்தின் 125ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

மீதிப் பாதி பதவிக் காலத்தில் இருக்கிறது. எம்.பி. ஆனவர் 90 நாளுக்குள் சொத்துக் கணக்கை அவைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும் என்கிற அதே சட்டத்தின் 75ஏ பிரிவு எம்.எல்.ஏ.வுக்குக் கிடையாது. மாநிலங்களவையில் உறுப்பினர்கள் சம்பளம் வாங்கும் இயக்குநர் பதவி, ஆலோசகர் வேலை, தொழில் தொடர்புகளை எழுதிக் கொடுக்க ஒரு பதிவேடே வைத்திருக்கிறார்கள். அதைப் போல ஒன்றைச் சட்டமன்றம் தன் விதிகளிலேயே கொண்டுவரலாம், டெல்லியின் தயவு தேவையில்லை. ஆகவே பத்திரத்துக்குப் பதில் வெள்ளைத் தாளில் மூன்று கேள்வி எழுதிக் கொடுங்கள்: வருஷா வருஷம் உங்கள் வருமான வழிகளையும் குடும்பத்தார் எடுத்த அரசு வேலைகளையும் வெளியிடுவீர்களா? சட்டமன்றத்தில் அப்படி ஒரு பதிவேடு கேட்பீர்களா? வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொகுதி அலுவலகத்தில் இருப்பீர்கள்? பதிலை ஊர் முழுக்க ஒட்டுங்கள். கோர்ட்டில் செல்லாவிட்டாலும் அடுத்த தேர்தலில் எடுத்துக் காட்டலாம்.

கோர்ட்டுக்குப் போகிற விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தகுதியின்மை எப்போது வந்தது என்பதைப் பொறுத்துக் கதவு மாறும். ஜெயித்த பிறகு ஒப்பந்தம் எடுத்திருந்தால், அரசியல் சாசனத்தின் 192-வது பிரிவின்படி ஆளுநருக்கு மனு. அவர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு அதன்படியே முடிவு செய்ய வேண்டும். தேர்தலுக்கு முன்பே இருந்த ஒப்பந்தம் என்றால் ஆளுநரிடம் போய்ப் பயனில்லை. 1953-லேயே சென்னை மாகாண வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும், வாக்காளரும் போடலாம். ஒப்பந்தத்தின் நகலுக்குத் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டால் பதில் தரவே 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், வேட்புமனு தாக்கலான அன்றே செயற்பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.