மாத்திரையை நிறுத்தலாமா டாக்டர்? சுகர் பத்தி வாசகர் கேள்விகள்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல சுகர்தான். நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் சுத்தி சுத்தி கேட்டிருக்கீங்க, அதனால சிலதை சேர்த்து எடுத்துக்கிட்டேன். ஊர் மட்டும் போட்டிருக்கேன், பேர் போடல.

எனக்கு வயசு 41, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. சுகர் வந்து ரெண்டு வருஷம் ஆகுது, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட்) 8.1. மெட்ஃபார்மினும் க்ளிமிபிரைடும் போடுறேன். 90 நாள்ல ரிவர்ஸ் பண்ணித் தரேன்னு யூடியூப்ல ஒருத்தர் பேக்கேஜ் விக்கிறார், முதல் நாளே மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்றார். நம்பலாமா மேடம்? (திருப்பூர்)

ரிவர்ஸ் ஆகுறது பொய் இல்லைங்க, அதை முதல்ல சொல்லிடறேன். மாத்திரை எதுவும் இல்லாம மூணு மாசம் தாண்டியும் ஹெச்பிஏ1சி 6.5-க்கு கீழ நின்னா அதுக்குப் பேர் ரெமிஷன், 2021ல உலக அளவுல டாக்டர்கள் உக்காந்து ஒத்துக்கிட்ட கணக்கு இது. உங்க வயசு, உங்க எடை, ரெண்டே வருஷ சுகர், இன்சுலின் போடல, இது எல்லாமே உங்களுக்கு சாதகமா இருக்கு. ஆனா அந்த ஆள் விக்கிறது வேற.

இங்கிலாந்துல நியூகாசில்ல ராய் டெய்லர்னு ஒரு பேராசிரியர், 2011ல 11 பேருக்கு எட்டு வாரம் தினம் 600 கலோரி மட்டும் குடுத்துப் பார்த்தார். முதல் வாரத்துலயே வெறும் வயித்து சுகர் நார்மலுக்கு வந்துடுச்சு. லிவர்ல தேங்கியிருந்த கொழுப்பு மடமடன்னு இறங்கினதுதான் காரணம். லிவர்ல கொழுப்பு ஏறினா அது இன்சுலின் பேச்சைக் கேக்காது, நீங்க ராத்திரி பூரா தூங்கிட்டு இருந்தாலும் அது பாட்டுக்கு சர்க்கரையைத் தயாரிச்சு ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும், அதான் எதுவும் சாப்பிடாமலே காலைல 160, 170 காட்டுறது. மிச்சக் கொழுப்பு கணையத்துலயும் போய் உக்காந்து இன்சுலின் சுரக்கிற செல்லையும் மந்தமாக்கிடுது. கொழுப்பு இறங்கினா ரெண்டும் மெல்ல முழிச்சுக்கும். சுகர் வந்து வருஷம் ஆக ஆக அந்த செல் முழிக்கிற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே வரும்.

அப்புறம் அவரும் கிளாஸ்கோவைச் சேர்ந்த மைக் லீனும் சேர்ந்து 298 பேரை வச்சு டைரக்ட்னு பெரிய ஆய்வு பண்ணாங்க, 2017 டிசம்பர்ல ரிசல்ட் வந்துச்சு. எல்லாருமே சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருந்தவங்க. பாதிப் பேருக்கு மூணுலேர்ந்து அஞ்சு மாசம் வரைக்கும் வெறும் ஷேக்கும் சூப்பும்தான், நாளைக்கு சுமார் 850 கலோரி. ஒரு வருஷம் கழிச்சு அதுல 46 சதவீதம் பேர் ரெமிஷன்ல இருந்தாங்க, வழக்கமான வைத்தியம் பார்த்தவங்கள்ல 4 சதவீதம்தான். 15 கிலோவோ அதுக்கு மேலயோ குறைச்சவங்கள்ல 86 சதவீதம்! ஆனா விளம்பரக்காரங்க இதோட நிறுத்திக்குவாங்க, மீதியையும் கேளுங்க. ரெண்டு வருஷத்துல அந்த 46, 36 ஆச்சு, அஞ்சாவது வருஷத்துல இன்னும் நிறைய குறைஞ்சு போச்சு, ஏன்னா எடை திரும்ப ஏறிடுச்சு. அப்போ எடையை எவ்வளவு குறைக்கிறோம், அதை எத்தனை வருஷம் பிடிச்சு வைக்கிறோம், இதுதான் விஷயமே. 90 நாள் பேக்கேஜ்ல 91-வது நாளுக்கு பதில் கிடையாது.

மாத்திரை விஷயம். அந்த ஆய்வுலயும் முதல் நாளே நிறுத்தினாங்கதான், ஆனா அங்க பக்கத்துல நர்ஸும் டாக்டரும் இருந்தாங்க, அளவு ஏறினா திரும்ப ஆரம்பிக்கிறதுக்கு தனி விதி வச்சிருந்தாங்க, பிபி மாத்திரையையும் பார்த்துப் பார்த்து மாத்தினாங்க. உங்க கேஸ்ல நான் இன்னொரு பக்கத்துக்குப் பயப்படுறேன். மாத்திரையையும் போட்டுக்கிட்டு சாப்பாட்டை திடீர்னு பாதியாக்கினீங்கன்னா க்ளிமிபிரைடு உங்க சுகரை ரொம்பக் கீழ தள்ளிடும். கை நடுங்கும், வேர்க்கும், கண்ணு இருட்டும், மிஷின்ல பார்த்தா 60 இருக்கும். 70-க்கு கீழ போனா உடனே மூணு ஸ்பூன் குளுக்கோஸ் தண்ணில கலக்கிக் குடிச்சுட்டு கால் மணி நேரம் கழிச்சு திரும்பப் பாருங்க. அதனால உங்க டாக்டர்கிட்ட போய், 'நான் எடை குறைக்கப் போறேன், க்ளிமிபிரைடை எப்படி இறக்கலாம்'னு நேரா கேளுங்க. பொதுவா அதைத்தான் முதல்ல குறைப்பாங்க, மெட்ஃபார்மினை கடைசியா. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை போடுறவங்க பட்டினி கிடக்குறதோ சோத்தை சுத்தமா நிறுத்துறதோ டாக்டர்கிட்ட கேக்காம பண்ணாதீங்க, சுகர் அவ்வளவா ஏறாமலே ரத்தத்துல கீட்டோன் அமிலம் கூடி ஐசியூ வரைக்கும் போயிடும்.

உங்களுக்கு 15 கிலோ வேணும்னு இல்ல. அந்த ஆய்வுல இருந்தவங்க சராசரியா 100 கிலோ எடை. நீங்க ஒரு 10 கிலோவை ஆறு மாசத்துல இறக்கப் பாருங்க, ஷேக்கெல்லாம் வேண்டாம், வீட்டு சாப்பாடே போதும். எப்படின்னு அடுத்த கேள்வில வருது.

எங்க வீட்ல அரிசியையே நிறுத்திட்டோம். அவருக்கு காலைல கேப்பைக் கூழ், ராத்திரி நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. அப்படியும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 260 வருது. இன்னும் என்னத்தை நிறுத்துறது? (மதுரை)

அரிசியை நிறுத்திட்டு அதே அளவு மாவுச்சத்தை வேற ரூபத்துல குடுத்துட்டு இருக்கீங்கம்மா! ஒரு சப்பாத்தில 15-லேர்ந்து 20 கிராம் மாவுச்சத்து இருக்கும், நாலுன்னா 60-லேர்ந்து 80, அதுக்கு மேல உருளைக்கிழங்கு. ஒரு கப் சோத்துல 45 கிராம் பக்கம்தான். கணக்கு போட்டா அந்த சோறே தேவலாம்போல. கேப்பை நல்ல தானியம்தான், ஆனா நைசா அரைச்சு, கரைச்சு, காய்ச்சி, குடிச்சா வயித்துல செரிக்க வேலையே இல்ல, சரசரன்னு ரத்தத்துக்குப் போயிடும். கேப்பை வேணும்னா கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு ஒரு அடை, கூட ஒரு முட்டை. கம்பு, தினை, சாமை எல்லாத்துக்கும் இதேதான், சிறுதானியம்னு பேர் இருக்கிறதால அளவு இல்லாம சாப்பிடலாம்னு ஆகாது.

நம்ம நாட்ல சாப்பாட்டு கலோரில 60 சதவீதத்துக்கு மேல மாவுச்சத்துலேர்ந்துதான் வருது. ஐசிஎம்ஆர்-இண்டியாப்னு ஒரு பெரிய ஆய்வு, சென்னைல இருக்கிற மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்ன நின்னு பண்ணது, அதுல 18,090 பேரோட சாப்பாட்டை வச்சு 2022ல ஒரு கணக்கு போட்டாங்க. புதுசா சுகர் வந்தவங்க ரெமிஷனுக்குப் போகணும்னா மாவுச்சத்தை 49-லேர்ந்து 54 சதவீதத்துக்கு இறக்கி புரதத்தை 20 சதவீதம் பக்கம் ஏத்தணும்னு வந்துச்சு. பாருங்க, பாதி இன்னும் மாவுச்சத்துதான், யாரும் சோத்தை ஒழிக்கச் சொல்லல.

தட்டுல அது எப்படி இருக்கும்னா, முதல்ல பொரியலும் கூட்டும் பாதித் தட்டு, அவரைக்காயோ கோஸோ கீரையோ ஏதோ ஒண்ணு. மீன் ரெண்டு துண்டு, இல்ல ரெண்டு முட்டை, சைவம்னா ஒரு கப் சுண்டல் இல்ல கெட்டி பருப்பு. மிச்சம் இருக்கிற கால் தட்டுலதான் சோறு, ஒரு கப், திரும்பக் கேக்கக் கூடாது. சாப்பிடுற வரிசையும் முக்கியம், காயும் புரதமும் உள்ள போன பிறகு சோத்தைத் தொட்டா அதே சாப்பாட்டுக்கே சுகர் கம்மியாத்தான் ஏறும். நம்ம ஆளுங்க சாம்பார் சோறு, ரசம் சோறு, மோர் சோறுன்னு மூணு ரவுண்டு போறாங்களே, அந்த மூணையும் ஒரே கப்புக்குள்ள அடக்கச் சொல்லுங்க. சாப்பிட்டதும் டிவி முன்னாடி சாயாம ஒரு கால் மணி நேரம் தெருவுல நடக்கட்டும், கால் தசை இன்சுலின் அதிகம் கேக்காமலே சர்க்கரையை இழுத்துக்கும்.

குளுக்கோமீட்டர் இருந்தா காலைல வெறும் வயித்துல மட்டும் குத்திப் பார்த்துட்டு வச்சிடாதீங்க. ஒரு நாள் இட்லிக்கு முன்னாடியும் ரெண்டு மணி நேரம் கழிச்சும் பாருங்க, இன்னொரு நாள் தோசைக்கு, இன்னொரு நாள் கேப்பைக்கு. எது அவருக்கு ஒத்துக்கலன்னு அந்த மிஷினே சொல்லிடும், என்னைக் கேக்கவே வேண்டாம்.

அப்பாவுக்கு 62 வயசு, சுகர் 18 வருஷமா இருக்கு, ஆள் ஒல்லி, 54 கிலோதான். இப்ப இன்சுலின் போடணும்னு சொல்லிட்டாங்க. இன்சுலின்னா கடைசி ஸ்டேஜ்தானே? டயட்ல ரிவர்ஸ் பண்ணிடலாம்னு மாமா சொல்றார். (நாகர்கோவில்)

மாமாவை கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க. அப்பாவுக்கு இப்ப எடை குறையவே கூடாது. 18 வருஷத்துல கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்கள் நிறையவே தேஞ்சிருக்கும், இல்லாத சரக்கை வெளியிலேர்ந்து குடுக்கிறோம், அவ்வளவுதான். தைராய்டு மாத்திரை போடுறவங்களை யாரும் கடைசி ஸ்டேஜ்னு சொல்றதில்லையே. ஒல்லியாவும் இருந்து சுகரும் ஏறிக்கிட்டே இருந்தா சி-பெப்டைடுன்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க, சொந்த இன்சுலின் எவ்வளவு மிச்சம்னு தெரியும். சின்ன வயசுலேர்ந்து அடிக்கடி மேல் வயித்து வலி இருந்துச்சா, மலம் எண்ணெய் மிதக்கிற மாதிரி போகுதான்னும் விசாரிங்க. கணையத்துல கல் சேர்ந்து வர்ற ஒரு வகை சுகர் கேரளாலயும் நம்ம பக்கமும் உண்டு, அது டைப் 2-வே கிடையாது.

ஒல்லியா இருந்தாலும் சுகர் வந்து கொஞ்ச வருஷமே ஆனவங்க கதை வேற, அதையும் சொல்லிடறேன். நியூகாசில்லயே நார்மல் எடை உள்ள 20 பேரை வச்சுப் பண்ண ஆய்வுல, எடைல பத்து சதவீதம் பக்கம் குறைஞ்சே 14 பேருக்கு ரெமிஷன் கிடைச்சுது. தொந்தி மட்டும் முன்னாடி வந்து கை கால் ஒல்லியா இருக்கிற நம்ம ஊர் உடம்புக்கு இது ரொம்பப் பொருந்தும். ஆம்பளைக்கு இடுப்பு 90 செ.மீ., பொம்பளைக்கு 80 தாண்டினா தராசு என்ன சொன்னாலும் கொழுப்பு உள்ள இருக்குன்னு வச்சுக்கலாம்.

ஒன்பது வருஷமா மெட்ஃபார்மின் போடுறேன், இப்ப பாதம் மரத்துப் போகுது. இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க, நிறுத்திடவா? நான் சுத்த சைவம். (வேலூர்)

கிட்னியைக் கெடுக்கிறது கட்டுப்படாத சுகரும் பிபியும்தான், மெட்ஃபார்மின் இல்ல. கிட்னி ஏற்கெனவே ரொம்பக் கெட்டுப் போய் ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு சொல்ற கணக்கு) 30-க்கு கீழ இறங்கினா அப்ப இதை நிறுத்துவோம், அதைப் பார்த்துட்டுத்தான் ஊர்ல காரணத்தையும் விளைவையும் மாத்திப் பேசுறாங்க. ஆனா உங்க மரத்துப் போறதுக்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்கலாம். வருஷக்கணக்கா போட்டா பி12 சத்து குறையும், சைவம்னா இன்னும் சீக்கிரம் குறையும், அந்தக் குறைச்சலும் சுகர் நரம்பு பாதிப்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பி12 பாருங்க, குறைவா இருந்தா ஊசியோ மாத்திரையோ போட்டா போதும், மெட்ஃபார்மின் அது பாட்டுக்கு ஓடட்டும். கூடவே வருஷம் ஒரு தடவை கிட்னிக்கு யூரின் ஆல்புமின், கிரியாட்டினின் டெஸ்ட், அப்புறம் கண் விழித்திரை, பாதம் எல்லாம் பார்த்துடுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வந்துடுதுன்னு இந்த டெஸ்ட்டை எல்லாம் விட்டுடுறவங்க நிறைய பேர் இருக்கீங்க.

மௌஞ்சாரோ ஊசி போட்டா சுகரும் போயிடும், எடையும் போயிடும்னு ஆபீஸ்ல எல்லாரும் போடுறாங்க. நானும் போடலாமா? (சென்னை)

2025 மார்ச்லேர்ந்து இந்தியால கிடைக்குது, நல்ல மருந்துதான், பொய் சொல்ல மாட்டேன். பசி அடங்கும், எடையும் ஹெச்பிஏ1சியும் ரெண்டும் நல்லா இறங்கும். வாந்தி, மலச்சிக்கல் வரும், நிறுத்தினா எடை பெரும்பாலும் திரும்பிடும், புரதமும் உடற்பயிற்சியும் இல்லன்னா கொழுப்போட தசையும் சேர்ந்து போயிடும். கணைய வீக்கம் வந்தவங்களும், குடும்பத்துல மெடுல்லரி தைராய்டு கேன்சர் இருக்கிறவங்களும் டாக்டர்கிட்ட அதைச் சொல்லாம தொடவே கூடாது. ஆபீஸ்ல போடுறாங்கன்னு போடுற ஊசி இல்ல இது.

வெள்ளைச் சீனிக்குப் பதிலா கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் சேர்த்துக்கலாமா? (தூத்துக்குடி)

உடன்குடி கருப்பட்டி எனக்கும் பிடிக்கும்தாங்க. ஆனா சுகருக்கு மூணும் சீனி கணக்குதான், காபில போட்டா காலைல ரீடிங்ல தெரியும்.

பாகற்காய் ஜூஸ் குடிச்சா மாத்திரை வேண்டாமாமே? (கரூர்)

பொரியலா சாப்பிடுங்க, மாத்திரையையும் போடுங்க.