பயந்த குரல் ஒன்றை நானே பரப்பிவிட்டேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

கிழக்கு மாகாணத்தில் ஒரு சிறு பட்டணம் எங்களுடையது. பிரதான வீதிக்கு இந்தப் பக்கம் தமிழர், அந்தப் பக்கம் முஸ்லிம்கள். எனக்கு 31 வயது. நான்கு வருடமாக சர்வமதக் குழுவில் சமாதானத் தொண்டராக இருக்கிறேன். மொத்தம் 12 பேர், இரு பக்கத்திலும் ஆறு ஆறு பேர். களத்துக்குப் போனால் பக்கத்துக்கு ஒருவராகச் சோடி சேர்ந்துதான் போவோம். என் சோடி அந்தப் பக்கத்து முஸ்லிம் அக்கா ஒருவர், அவரை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

ஆகஸ்ட் இரண்டாம் கிழமை, ஒரு வியாழன் இரவு 9 மணி போல எனக்கு ஒரு குரல்பதிவு வந்தது. "கோயில் மதிலை உடைக்கிறானுகள், பொடியனுகள் எல்லாரும் சந்திக்கு வாங்க" என்று ஒருவர் மூச்சிரைக்கக் கத்துகிறார். பின்னால் நாய் குரைக்கிறது. நான் அதை மூன்று வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பி, கீழே "இது உண்மையா? ஆருக்காவது தெரியுமா?" என்று எழுதினேன். விசாரிக்கத்தான் அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் சந்தி நிறைய மோட்டார் சைக்கிள். அந்தப் பக்கத்தால் வந்த ஓட்டோ ஒன்றை மறித்து உடைத்தார்கள். ஓட்டியவருக்குத் தலையில் ஆறு தையல். அவர் ராத்தாவின் சொந்தத் தம்பி.

மதிலை ஒருவரும் உடைக்கவில்லை. அன்று பின்னேரம் வடிகான் வெட்டிய பெக்கோ இயந்திரம் பட்டு மூலையில் ஐந்தாறு கல் விழுந்திருந்தது. அவ்வளவுதான்.

ராத்தா கூட்டத்துக்கு வருகிறார். என்னோடு கதைப்பதில்லை. வீட்டில் அண்ணா, "அவங்களுக்காக அழுறியா? பெரியப்பாவ மறந்திட்டியா?" என்று கேட்கிறார். பெரியப்பாவை 1990 செப்டம்பரில் அகதி முகாமில் இருந்து கொண்டுபோனார்கள். படையோடு முஸ்லிம் ஊர்காவல் படையும் நின்றது என்று அம்மா சொல்லுவா. திரும்பி வரவே இல்லை. ராத்தா வீட்டில், அதே வருடம் ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசலில் மாமாவைப் புலிகள் சுட்டுவிட்டார்கள்.

ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். அந்தக் குரலைக் கேட்டவுடன் நான் நம்பிவிட்டேன். ஒரு நிமிடம் எனக்கும் கோபம் பத்தி எரிந்தது. நான்கு வருடம் சமாதானம் கதைத்த எனக்குள் இது எங்கே இருந்தது? இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது. போன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கவா?

– ஒரு தொண்டர்

*

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தைக் கொடுப்பதா இல்லையா என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்த ஒரு நிமிடம்.

நீங்கள் பிறக்கும் முன்பே பெரியப்பா போய்விட்டார். ஆனால் அம்மா கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிட்ட விதம், மாலையில் பிள்ளைகளை எண்ணிப் பார்த்த விதம், சில பெயர்களைச் சொல்லும்போது குரல் தணிந்த விதம் எல்லாம் உங்களுக்குள் இறங்கியிருக்கும். யார் சொல்லியும் தராமலே பயம் இப்படித்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதோடு மாதத்தையும் பாருங்கள். காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டது ஆகஸ்ட் 3. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டது செப்டம்பர் 9. கிழக்கில் இந்த ஆறு கிழமையும் இரு பக்கத்து வீடுகளிலும் நித்திரை குறையும், சண்டை கூடும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. நினைவுநாள் நெருங்கும்போது உடம்பு தானாகவே காட்டுகிற தாக்கம் இது. அந்தப் பருவத்தில், இரவில், மூச்சிரைக்கும் ஒரு குரல் வந்தால் அதை யாரும் தகவலாகக் கேட்பதில்லை. ஆபத்து வந்துவிட்டது என்றே உடம்பு எடுத்துக்கொள்கிறது. நம்பியது உங்கள் பொய்முகம் கழன்றதால் அல்ல. கோபம் வராதவர்தான் சமாதானத் தொண்டர் என்று யாரோ உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள், அது பிழை. கோபத்துக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு வேலைமுறை இருக்க வேண்டும். உங்கள் குழுவில் அது இருக்கவில்லை.

"விசாரிக்கத்தான் அனுப்பினேன்" என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் வட்ஸ்அப்பில் குரல்பதிவு ஒரு செய்தி, கீழே எழுதிய "உண்மையா?" வேறொரு செய்தி. அடுத்தவர் அனுப்பும்போது உங்கள் கேள்வி அங்கேயே நின்றுவிடும், குரல் மட்டும் போகும். பதிவு எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்பதும் கூடப் போகாது. அதோடு, அது சமாதானக் குழுத் தொண்டரிடம் இருந்து வந்திருக்கிறது. அதனாலேயே அதற்கு எடை கூடிவிட்டது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் கடையொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை இருக்கிறது என்ற வதந்தியில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது மாவுக் கட்டிதான் என்று அரச பகுப்பாய்வு சொன்னது பிறகுதான்.

உங்கள் பொறுப்பின் அளவைத் தாளில் பாருங்கள். ஒரு பெரிய வட்டம் கீறி, அந்த இரவுக்குக் காரணமான எல்லாவற்றையும் துண்டுகளாகப் பிரியுங்கள்: குரலைப் பதிந்தவர், சந்திக்கு ஆள் கூட்டியவர்கள், தடி எடுத்தவர்கள், வடிகான் வெட்டுவதை முன்கூட்டி இரு பக்கத்துக்கும் சொல்லாதது, முப்பது வருடத்துக்கு மேலான பயம். உங்கள் துண்டைக் கடைசியாகக் கீறுங்கள். முதலில் கீறினால் அது வட்டம் முழுவதையும் விழுங்கிவிடும். கடைசியில் மிஞ்சும் துண்டு சிறியதாக இருக்கும், ஆனால் வெறுமையாக இருக்காது. அந்தத் துண்டுக்குத்தான் மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள், முழு வட்டத்துக்கும் அல்ல.

ராத்தாவிடம் நேரில் போங்கள். போனில் வேண்டாம், குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வேண்டாம். "பத்து நிமிடம் கதைக்கலாமா? எங்கே, எப்போது என்று நீங்களே சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு முறை கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சந்தித்தால் மூன்று விடயம் போதும். செய்தது: "அந்தக் குரலை மூன்று குழுக்களுக்கு நான்தான் அனுப்பினேன்." விளைந்தது: "அதைக் கேட்டு வந்தவர்கள் உங்கள் தம்பியை அடித்தார்கள்." செய்யப்போவது: அதைக் கீழே சொல்கிறேன். "ஆனால்" என்ற சொல் வாயில் வரக்கூடாது. பெரியப்பாவின் கதையும் அன்று வரக்கூடாது. வந்தால் அவர் தன் மாமாவைக் கொண்டுவர வேண்டியிருக்கும், இரண்டு இறந்தவர்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு இருவரும் வெறுங்கையோடு திரும்புவீர்கள். மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்சவும் வேண்டாம், உங்களை ஆறுதல்படுத்தும் வேலையை அவர் தலையில் வைப்பதாகிவிடும். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். அந்த அமைதி உங்களுக்கு நீளமாகத் தெரியும், இருந்தும் அதை நிரப்ப வேண்டாம்.

தம்பிக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். வாயை அடைக்கக் கொடுத்தது என்று ஊர் சொல்லும். ஓட்டோ திருத்தும் செலவை, கோயில் பரிபாலன சபையிலிருந்தும் பள்ளிவாசல் நிர்வாக சபையிலிருந்தும் ஆள் இருக்க, குழுவின் பெயரில் ஏற்கும்படி கூட்டத்தில் கேளுங்கள்.

அடுத்தது திருத்தம். எந்த மூன்று குழுக்களுக்கு அனுப்பினீர்களோ அதே மூன்றுக்கும் உங்கள் குரலிலேயே அனுப்புங்கள். குரலாகப் பரவியதற்கு எழுத்தில் பதில் போட்டால் அது அவ்வளவு தூரம் போகாது. ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். உண்மையை முதலில் சொல்லுங்கள்: திகதி, இடம், பெக்கோ, விழுந்த கற்கள். பிறகு "நான் சரிபார்க்காமல் அனுப்பியது பிழை". வதந்தியின் வார்த்தைகளைத் திரும்பச் சொல்லாதீர்கள், பாதி கேட்பவர்கள் அதை மட்டும்தான் நினைவில் வைப்பார்கள். திகதியைக் குரலிலேயே சொல்லிவிட்டால், பிறகு எவ்வளவு தூரம் போனாலும் அது கூடவே போகும். பழைய பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். பொலிஸ் வாக்குமூலம் கேட்டால் சட்டத்தரணி ஒருவரோடு போங்கள்.

குழுவுக்கு ஒரு விதி வேண்டும்: குரலோ வீடியோவோ யாருக்கும் முன்னனுப்பக்கூடாது. வந்ததைக் கேட்டு என்ன, எங்கே, எப்போது என்று மூன்று வரி எழுதி, சோடிக்கு மட்டும் போன் எடுக்க வேண்டும். நீங்கள் இந்தப் பக்கத்தில், அவர் அந்தப் பக்கத்தில், இடத்துக்குப் பக்கத்தில் வீடுள்ள ஒருவரிடம் விசாரியுங்கள். "கேள்விப்பட்டேன்" என்பவரைக் கணக்கில் எடுக்காதீர்கள், கண்ணால் கண்டவர் வேண்டும். அரை மணித்தியாலத்துக்குள் இருவரும் ஒத்துக்கொண்டதை மட்டும், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லி, கோயில் தலைவர், பள்ளிவாசல் தலைவர், கிராம உத்தியோகத்தர் மூவருக்கும் ஒரே வசனத்தில் சொல்லுங்கள். ஆட்கள் திரளத் தொடங்கிவிட்டால் விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே பொலிஸுக்குச் சொல்ல வேண்டும். இந்த முறை எங்கே உடையும் தெரியுமா? சோடி போன் எடுக்காதபோது. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது சோடி தேவை. அன்றிரவு ராத்தாவுக்கு ஏன் முதலில் போன் எடுக்கவில்லை என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் வலிக்கலாம். அதை எனக்கு எழுத வேண்டியதில்லை.

நித்திரைக்கு: இரவு 9 மணிக்கு மேல் போன் வேறு அறையில் இருக்கட்டும். குழுவின் இரவு முறையை ஆறு கிழமைக்கு வேறொருவர் பார்க்கட்டும். இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் இருபது நிமிடம் பாருங்கள். நித்திரை வராவிட்டால் எழும்பி மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள், ஐந்து நிமிடம். படபடப்பும் முழிப்பும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, எதிலும் மனம் ஒட்டாத நாட்கள் தொடர்ந்து இரண்டு கிழமை வந்தாலோ ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலும் காத்திராமல் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

அண்ணாவோடு வரலாறு வாதாட வேண்டாம். "பெரியப்பாவை நான் மறக்கேல்ல அண்ணா, அந்தத் தம்பி ஒண்டும் செய்யேல்ல" என்று ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

அம்மாவிடம்தான் நீங்கள் உட்கார வேண்டும். பிரேதம் கிடைக்காத வீட்டில் துக்கம் தொடங்குவதும் இல்லை, முடிவதும் இல்லை. செத்தார் என்று சொன்னால் கைவிட்டது போலவும், இருக்கிறார் என்று சொன்னால் பைத்தியம் போலவும் இருக்கும். அதனால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பெரியப்பா என்ன வேலை செய்தார், எந்தப் பாட்டு முணுமுணுப்பார், யாரோடு கோபித்தார் என்று கேளுங்கள். கொண்டுபோன நாளைக் கேட்க வேண்டாம், அம்மாவாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பதிவதா என்பது அம்மாவின் முடிவு. உங்கள் துக்கத்துக்கு வீட்டில் ஒரு இடம் கிடைத்தால், அது சந்தியில் வந்து நிற்காது.

ராஜினாமாக் கடிதத்தை இலாச்சியில் வைத்துப் பூட்டுங்கள். ஆறு கிழமை கழித்து எடுத்து வாசியுங்கள். அப்போதும் போக வேண்டும் போல் இருந்தால் போகலாம், அது தோல்வி அல்ல. அதற்கிடையில் மாரி தொடங்கும் முன் அந்த வடிகானைத் துப்புரவாக்க இரு பக்கத்துப் பொடியன்களையும் கூப்பிடும்படி குழுவிடம் சொல்லுங்கள். பக்கத்துக்குப் பத்துப் பேர், மண்வெட்டி கலந்து கொடுங்கள், மதிலின் அந்த மூலையையும் அன்றே பூசிவிடட்டும்.